ஐயரவர்களின் விடுமுறை



ஆசிரியருக்கு விடுமுறை இளைப்பாறுதற்கு என்பது உலக வழக்கு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவ்வழக்கில் அடங்காதவர். 1880இல் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த அவருக்குப் பாடம் சொல்லும் நாள்களில் வெளியூர் செல்லுதல் அரிது. ஆதலின் விடுமுறையே ஏடு தேடுதற்கும், சென்னை சென்று அச்சுத்தாள் திருத்துதற்கும் உரிய காலமாயிற்று.

1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபின் பத்துப்பாட்டில் கருத்தைச் செலுத்தினார். கிடைத்த ஏடுகள் குறையுடையன. கல்லூரிப் பணி விட்ட நாள்களில் தென்பாண்டி நாட்டுக்குப் புறப்பட்டார். ஆழ்வார்திருநகரியில் கவிராயர் இல்லந்தோறும் சுவடிக் கட்டுகளை அவிழ்த்து நோக்கினார். தேடியது அகப்படவில்லை, மனம் தளர்ந்தது. கல்லூரி திறக்கும் நாளோ காத்திராது. ஏடரிக்கும் செல்லுக்கோ விடுமுறையே இல்லை. முடிவில் அவ்வூரிலேயே பத்துப்பாட்டுச் சுவடி ஒன்று கைக்கு எட்டியது. 1889இல் நூல் வெளிவந்தது.

பத்தாண்டு நிறைந்த இவ்விலக்கிய வட்டத்தாரும் பிழைப்புக்கு ஒரு தொழிலும் நெஞ்சுக்குத் தமிழும் உடையவர்களே. தொழில் போக எஞ்சுவன சில நாள்கள். சிலவே எனினும், அத்தகைய நாள்களில்தான் பத்துப்பாட்டு மீண்டது.

வாழ்க தமிழ்!