ஈளை நோயும் எழுதி வைத்த திட்டமும்



வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய்க் காற்றோடு சாரல் விழத் தொடங்கினால், குற்றால அருவியில் குளிக்க வெளியூரார் திரண்டு வருகின்றனர். அதே சாரல், நம் தெருவில் இளைப்புள்ள பிள்ளையை இரவெல்லாம் படுக்கவிடாமல் உட்கார்த்தி வைக்கிறது. ஈரச் சுவரின் பூஞ்சணம், விறகடுப்பின் புகை, பீடி சுற்றும் வீட்டின் புகையிலைத் தூள் ஆகியவையும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. மறுநாள் வகுப்பில் அப்பிள்ளையின் இடம் காலியாகிறது. ஆகவே இது கல்விக் கழகத்தின் செய்திதான்.

ஈளையில் மூச்சுக்குழல்களின் உட்புறம் நாட்பட வீங்கியிருக்கும். திணறல் அடங்கினாலும் வீக்கம் அடங்குவதில்லை. நம்மவர் பிழை செய்வது இங்கேதான். உடனே மூச்சைத் திறந்துவிடும் சால்பியூட்டமாலை நம்பி, வீக்கத்தைத் தணிக்கும் புடெசொனைடு போன்ற தடுப்பு மருந்தை, நலமாயிருக்கும் நாளில் நிறுத்திவிடுகின்றனர். பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்பியூட்டமால் ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் ஆகாதென்று ‘ஜினா’ என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019இல் அறிவுறுத்தியது.

மருத்துவரிடம் மருந்துச் சீட்டோடு எழுதிய திட்டம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். கேட்பது நம் உரிமை. பீக் ஃப்ளோ மீட்டரில் ஒருவர் ஊதும் உச்ச அளவு 400 என்றால், 320க்கு மேல் பச்சை. வழக்கமான மருந்தே போதும். 200 முதல் 320 வரை மஞ்சள். திட்டத்தில் எழுதியபடி மருந்தைக் கூட்டுதல் வேண்டும். 200க்குக் கீழே சிவப்பு; உடனடி மருந்தை எடுத்துக்கொண்டே 108ஐ அழைத்தல் வேண்டும். கருவி இல்லாதோர்க்கு அறிகுறிகளே அளவுகோல். இரவில் இருமி விழித்தால் மஞ்சள். ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ சிவப்பு. எழுத்தறியாத பாட்டிக்கும் நிறம் தெரியும். எஞ்சியதைப் படித்துக் காட்டுவது இக்கழகத்தில் படித்தவர் கடமை.

சிறு பிள்ளைகட்கு இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசரை விலைகொடுத்து வாங்க இயலாதெனக் கவலற்க. 500 மில்லி பிளாஸ்டிக் புட்டியின் அடியில் துளையிட்டு, இன்ஹேலரைச் செருகி, இடைவெளியின்றி ஒட்டினால், அது கடைக் கருவிக்கு இணையாகப் பயன்படும் என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999இல் ஆராய்ந்து காட்டினர்.

மணப்பேச்சு தடைப்படுமென்று பெண்பிள்ளையின் இன்ஹேலரைப் பெட்டியடியில் மறைக்கும் தாய்மாரும் நம்மிடையே உண்டு. நள்ளிரவில் அதைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் யாருக்குக் கிடைக்கும்? கைக்கெட்டும் மாடத்தில் வையுங்கள். திட்டத்தாளைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

கூட்டம் முடிந்ததும் பந்தலிலேயே புட்டியில் துளையிடும் முறையைச் செய்து காட்டுகிறேன். வீட்டில் இளைப்புள்ள பிள்ளை இருந்தால் அழைத்து வாருங்கள்.