உரோமைக்குப் போகாத சொல்

(பாஸ்கா காலம் 3ஆம் ஞாயிறு வானொலி மறையுரை. நற்செய்தி: லூக்கா 24:13-35)



இன்றைய நற்செய்தியில் இரண்டு சீடர்கள் எருசலேமை விட்டு எம்மாவுக்கு நடந்து போகிறார்கள். அவர்களோடு நாமும் நடக்கத் தொடங்கும் முன் ஒரு தவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தவறு நம்முடையது. இதே மைக்கின் முன் உட்கார்ந்து சொன்னது. ஆகவே இதே மைக்கின் முன்தான் திருத்தவும் வேண்டும்.

சென்ற யூபிலி ஆண்டில் திருப்பயணத்தைப் பற்றி இங்கே பேசினோம். அப்போது 'ரோம்' என்ற ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொண்டோம். வெளி மாநிலம் போனால் கைபேசியில் 'ரோமிங்' என்று காட்டுகிறதே, அந்த ரோம்தான். குறித்த இடம் என்று எதுவும் இல்லாமல் அலைவது, திரிவது, சுற்றுவது என்று பொருள். ஆங்கிலத்தில் உரோமை நகரின் பெயரும் காதுக்கு இதே ஒலிதான். அந்தக் காலத்து விசுவாசிகள் உரோமைக்குக் கால்நடையாய்ப் போனார்கள், வழியில் ஊர் ஊராய்ச் சுற்றினார்கள், அதனால்தான் சுற்றுவதற்கே 'ரோம்' என்று பெயர் வந்தது என்று சொன்னோம். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. பூசை முடிந்து முற்றத்தில் இரண்டு மூன்று பேர் நிறுத்திப் பாராட்டவும் செய்தார்கள்.

பத்து நாள் கழித்து ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. நான்கே வரி. மறையுரை நன்றாக இருந்தது, ஆனால் அந்தச் சொல்லின் கதை அப்படியில்லை, நல்ல அகராதி ஒன்றைப் பாருங்கள் ஃபாதர் என்று எழுதியிருந்தார். முதலில் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு பார்த்தோம். அவர் சொன்னதே சரி.

அந்தக் கதையை நம்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இத்தாலிய மொழியில் உரோமைக்குப் போகிற திருப்பயணிக்கு 'ரோமெயோ' என்றே பெயர். ஷேக்ஸ்பியரின் காதலன் பெயர்தான் அது. ஸ்பானிய மொழியில் 'ரொமேரோ'. ஏழைகளுக்காகப் பேசி, 1980 மார்ச் 24 அன்று திருப்பலிப் பீடத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டாரே பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, அந்தப் பெயருக்குள் உரோமைக்கு நடந்தவன் என்ற பொருள் இருக்கிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தே, வெளிநாட்டுத் திருப்பயணிகளை மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறார். புனித நாட்டுக்குப் போய்க் குருத்தோலையோடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பெயர், ஸ்பெயினில் திருத்தூதர் யாக்கோபின் கல்லறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பெயர், உரோமைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பெயர்.

முதல் யூபிலி ஆண்டை 1300 பிப்ரவரி 22 அன்று திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் அறிவித்தார். உரோமைவாசிகள் 30 நாளும், வெளியூரார் 15 நாளும் புனித பேதுரு, பவுல் பேராலயங்களைச் சந்திக்க வேண்டும் என்பது விதி. கூட்டம் தாங்காமல், பாலத்தில் பேதுரு பேராலயத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், திரும்புகிறவர்கள் மறு பக்கம் என்று பிரித்து விட்டார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் கயிறு கட்டுகிறோமே, அதுபோல. இந்த 'ரோம்' என்ற ஆங்கிலச் சொல்லும் எழுத்தில் தென்படத் தொடங்குவது ஏறக்குறைய அதே 1300ஆம் ஆண்டளவில்தான். இவ்வளவும் கூடி வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அந்தச் சொல் முதன்முதலாக வருகிற வாக்கியங்களில் திருப்பயண வாடையே இல்லை. வெறுமனே நடமாடுவது, அங்குமிங்கும் போவது, அவ்வளவே. அதன் வேர் பழைய ஆங்கிலத்தில் இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். உரோமையோடு முடிச்சுப் போட்டதெல்லாம் பின்னாளில் வந்த சிலேடை. ஷேக்ஸ்பியரும் ஒரு நாடகத்தில் அதை விளையாட்டாகப் பயன்படுத்தியிருக்கிறார். 'சான்டர்' என்று இன்னொரு சொல் உண்டு, மெல்ல உலாவுவது என்று பொருள். புனித நாட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பிச்சையெடுத்துத் திரிந்தவர்களால் வந்த சொல் அது என்ற விளக்கத்தை, அமெரிக்க எழுத்தாளர் தோரோ நடைப்பயணம் பற்றிய கட்டுரையில் எழுதினார். 1862இல் அது வெளிவந்தது. அதற்கும் ஆதாரம் கிடையாது. உண்மையாகவே திருப்பயணத்தில் பிறந்த சொல் ஒன்று வேண்டுமானால் 'கேன்டர்' இருக்கிறது. புனித தாமஸ் பெக்கட்டின் கல்லறையைத் தேடிக் கேன்டர்பரிக்குப் போனவர்கள் தங்கள் குதிரைகளை அவசரமில்லாத ஓட்டத்தில் நடத்தினார்கள். அந்த ஓட்டத்துக்கு ஊரின் பெயரே நின்றுவிட்டது. சான்று உள்ள சொல் அது. நாம் அதைச் சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை? குருமடத்தில் எபிரேயமும் கிரேக்கமும் படித்தபோது, சொல்லின் வேரைச் சரிபார்க்காமல் பிரசங்கம் கட்டாதே என்று எங்கள் பேராசிரியர்கள் சலிக்காமல் சொல்லுவார்கள். மறந்து போயிற்று என்று சொல்ல முடியாது. அந்தக் கதை நமக்கு வசதியாக இருந்தது. அலைகிற ஒவ்வொருவனையும் திருப்பயணி ஆக்கிவிடுகிற கதை அது. அதைச் சொல்லிவிட்டால் அலைகிறவர்கள் மீது நமக்கு அன்பு இருப்பது போலத் தோன்றும்.

அந்தக் காலத்து உலகம் அவர்களை அப்படிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் 1348, 1349ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் வந்து மக்கள் கொத்துக் கொத்தாய் மடிந்தபின் வயலில் இறங்க ஆள் இல்லை. மிஞ்சிய கூலிகள் அதிகக் கூலி கிடைக்கிற ஊரைத் தேடிப் போனார்கள். நிலக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1388இல் கேம்பிரிட்ஜில் கூடிய பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. வேலைக்காரனோ கூலியாளோ, முத்திரையிட்ட கடிதம் இல்லாமல் தன் வட்டாரத்தை விட்டு வெளியே போகக் கூடாது. திருப்பயணம் போகிறேன் என்று சொன்னாலும் கடிதம் வேண்டும். கடிதம் இல்லாமல் அலைகிறவனைப் பிடித்துத் தொழுமரத்தில் மாட்டலாம். ஒரே சாலை, ஒரே புழுதி, ஒரே கிழிந்த செருப்பு. கையில் தாள் இருந்தால் திருப்பயணி, இல்லாவிட்டால் ஊர்சுற்றி.

இதைப் படித்தபோது தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறோம்.

இரவு ஒன்பது மணி இருக்கும். கோவில்பிள்ளை வந்து, "சாமி, கேட்டுல யாரோ ஒரு பரதேசி நிக்கிறாரு, மண்டபத்துல படுத்துக்கவான்னு கேக்குறாரு" என்றார். எழுந்து போய்ப் பார்த்தோம். அறுபத்தைந்து வயது மதிக்கலாம். காலில் செருப்பு இல்லை, தோளில் ஒரு துணிப்பை. எந்த ஊர் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. எங்கே போகிறீர்கள் என்றதற்கு, "சும்மா நடந்துக்கிட்டிருக்கேன் சாமி" என்றார். பக்கத்து ஊரில் உண்டியல் உடைபட்ட சமயம் அது. நாம் கேட்டோம், "ஆதார் இருக்கா?" அவர் சொன்னார், "அதெல்லாம் எங்கயோ போயிடுச்சு சாமி." ஐம்பது ரூபாய் கொடுத்து, பேருந்து நிலையத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று வழி காட்டினோம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தோத்திரம் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுகிற அதே தோத்திரம். மறுநாள் காலையில் பேருந்து நிலையத்தில் போய்ப் பார்த்தோம். அங்கே அவர் இல்லை.

கோவில்பிள்ளை மேல் குறை இல்லை. பரதேசி என்பது நம் எல்லார் வாயிலும் வருகிற சொல்தான், பிள்ளைகளைத் திட்டுவதற்குக்கூட. ஆனால் அதன் பொருள் வேறு நாட்டவன், தன் ஊரில் இல்லாதவன் என்பதுதான். பழைய தமிழ் வேதாகமத்தில் பேதுருவின் முதல் திருமுகம் 2:11ஐத் திறந்து பாருங்கள். திருத்தூதர் விசுவாசிகளைப் பரதேசிகள் என்று அழைக்கிறார். திட்டவில்லை. நீங்கள் யார் என்று அவர்களுக்கு நினைவூட்டுகிறார்.

இப்போது எம்மாவு சாலைக்கு வருவோம். வழியில் ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார். அவர் யாரென்று சீடர்களுக்குத் தெரியவில்லை. எருசலேமில் நடந்ததெல்லாம் அறியாத ஒரே வெளியூர்க்காரர் நீர்தானா என்ற பொருளில் கிளயோப்பா அவரைக் கேட்கிறார். லூக்கா 24:18. அங்கே கிரேக்க மூலத்தில் வருகிற வினைச்சொல் 'பராய்கெயின்'. வேற்றூரில் குடியுரிமை இல்லாமல் தங்கியிருப்பது என்று பொருள். எரோணிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'பெரெக்ரீனுஸ்' இருக்கிறது. ஆங்கிலத்தில் திருப்பயணிக்கு வழங்கும் 'பில்க்ரிம்' அதிலிருந்து வந்தது. உயிர்த்த ஆண்டவரைப் பார்த்துத் தம் சீடரே சொன்ன சொல், தமிழில் சொன்னால், பரதேசி.

அந்தக் கிரேக்க வினையின் பெயர்ச்சொல் 'பராய்கியா'. அது இலத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாய் ஆங்கிலத்துக்கு வந்து 'பேரிஷ்' ஆயிற்று. நாம் பங்கு என்கிறோமே, அதுதான். நம் ஞானஸ்நானச் சான்றிதழில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறதே, அதுவேதான். இதற்கு அகராதிகள் எல்லாம் சாட்சி. இந்த முறை ஒன்றுக்கு மூன்றாய்ப் பார்த்துவிட்டோம். முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமைத் திருச்சபை கொரிந்து திருச்சபைக்கு எழுதிய கடிதம் ஒன்று புனித கிளமெந்தின் பெயரால் வழங்குகிறது. அதன் தொடக்கத்திலேயே, உரோமையில் அந்நியராய்த் தங்கியிருக்கும் திருச்சபை என்றே அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். உரோமையிலேயே அவர்கள் வெளியூர்க்காரர்கள்! உரோமையையும் அலைகிறவர்களையும் சேர்த்துக் கட்ட, ஆங்கிலச் சொல் ஒன்றில் பொய் முடிச்சுப் போட வேண்டிய தேவையே இல்லை. அது அந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே இருந்தது.

அந்தச் சீடர்கள் வழிப்போக்கரிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று வற்புறுத்தினார்கள். அவரை அடையாளம் கண்டது அதற்குப் பிறகு, பந்தியில், அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான். பெயர் தெரிந்தபின் உள்ளே அழைப்போம் என்று காத்திருந்தால் அவர் அப்பால் போயிருப்பார். அப்பால் போவது போலவே காட்டிக்கொண்டார் என்றும் லூக்கா எழுதுகிறார்.

ஆசிரியை அம்மா அவர்களே, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எங்கள் நன்றி. சுருக்கென்றது போய்விட்டது.

பங்கு மக்களுக்கு ஓர் அறிவிப்பு. சென்ற ஞாயிறு பங்குப் பேரவையில் பேசி முடிவு செய்தபடி, இந்த வாரம் முதல் மண்டபத்தின் கிழக்குத் தாழ்வாரம் இரவு 8 மணி முதல் காலைப் பூசை வரை திறந்திருக்கும். உண்டியலை உள்ளே சக்ரீஸ்துக்கு மாற்றிவிட்டோம். இரண்டு பாய், குடிநீர், விளக்கு ஏற்பாடாகியிருக்கிறது. இரவு உணவை வின்சென்ட் தே பவுல் சபையாரும் அன்பியங்களும் முறை வைத்துக் கொடுப்பார்கள். இந்த வாரம் புனித அந்தோனியார் அன்பியம். ஆதார் கேட்க வேண்டாம் என்று கோவில்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறோம். பெயரை மட்டும் கேட்கச் சொல்லியிருக்கிறோம், சாப்பிடக் கூப்பிடுவதற்கு.