எந்தப் புத்தகம் வாங்குவது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இதே மேடையில் ஒரு காலத்தில் பரிசு வாங்கிய பிள்ளைகள் சிலர் இன்று ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கிறார்கள். சென்ற ஆண்டு அவர்களில் ஒரு பெண்ணின் தாயார் என்னை வழியில் நிறுத்தினார். "சார், பிள்ளை எஸ்.டி.பி.எம். எழுதப் போகுது. ஆளுக்கு ஒரு புத்தகம் சொல்றாங்க. எதை வாங்குறதுன்னு தெரியல. சங்கிலிய அடகு வெச்சாவது எல்லாத்தையும் வாங்கிடவா?" என்று கேட்டார். அந்தத் தாய்க்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் 2006-இல் அந்தத் தேர்வை எழுதியவன். அப்போதெல்லாம் பாடம் முழுவதையும் படித்து, கடைசியில் ஒரே மூச்சாக எழுதுவோம். 2013-இல் நம் தோட்டத்துப் பையன் ஒருவன் உயிரியல் எடுத்தான். என் புத்தகம், குறிப்பு, படிப்புக் கால அட்டவணை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அவனிடம் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு!

ஆனால் 2012 முதலே அந்தத் தேர்வு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. அதை நான் விசாரிக்கவில்லை. பையனோ, சார் கொடுத்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினான். முழுப் பாடத்தையும் மேலோட்டமாக ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பிறகு ஆழமாகப் படிக்கலாம் என்று இருந்தான். அதற்குள் முதல் பருவத் தேர்வு வந்துவிட்டது. பின்னால் அதைத் திரும்ப எழுதித்தான் தேறினான். அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, அன்பர்களே, புத்தகம் வாங்குவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்குங்கள். மலேசியத் தேர்வு மன்றம் அதை வெளியிடுகிறது. உயிரியலின் எண் 964. முதல் பருவத்தில் உயிர் மூலக்கூறுகளும் வளர்சிதை மாற்றமும், இரண்டாம் பருவத்தில் உடலியங்கியல், மூன்றாம் பருவத்தில் சூழலியலும் மரபியலும் வருகின்றன. அந்தத் தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். புத்தகத்தின் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் மேலே பேசலாம். பொருந்தாவிட்டால் அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, பாடத்திட்டத்தை ஒட்டிய புத்தகம் ஒன்றே ஒன்று போதும். எந்த மொழியில் விடை எழுதப் போகிறீர்களோ அந்த மொழியிலேயே வாங்குங்கள். உங்களுக்குக் கடினமான ஒரு பாடத்தை, ஒளிச்சேர்க்கை என்று வைத்துக்கொள்வோம், கடையில் நின்றபடியே இரண்டு பக்கம் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்திலுள்ள நண்பனுக்குச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது உங்கள் புத்தகம்.

1987-இல் முதன்முதலாக வெளிவந்த கேம்பல் உயிரியல் நூலைப் பலரும் சொல்வார்கள். நல்ல நூல்தான். ஆனால் ஆயிரம் பக்கத்துக்கும் மேல். பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்காக எழுதியது. விளங்காத இடத்துக்கு மட்டும் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். அதற்காகச் சங்கிலி அடகுக் கடைக்குப் போக வேண்டாம்.

அண்ணன், அக்காள் படித்த பழைய புத்தகம் கிடைத்தால்? எறிந்துவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். கிரெப்ஸ் 1937-இல் கண்ட சுழற்சி இன்றும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் உயிரினங்களை மூன்று பெரும் பிரிவாகப் பிரிக்கும் முறையை வோஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1990-இல்தான் முன்வைத்தார்கள். மனிதனுக்கு ஒரு லட்சம் மரபணுக்கள் என்று பழைய புத்தகங்கள் எழுதின. மனித மரபணுத் திட்டம் 2003-இல் முடிந்தபின், புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 மட்டுமே என்று தெரிந்திருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்தாலே புத்தகத்தின் வயது தெரிந்துவிடும்.

மூன்றாவது, முந்தைய ஆண்டு வினாத்தாள்கள். பருவ முறை வந்த பிறகு வெளிவந்தவற்றையே தேடுங்கள். விடையை முதலில் பார்க்காதீர்கள். கடிகாரத்தை முன்னால் வைத்து, கட்டுரை வினாவைக் கையால் எழுதிப் பாருங்கள். "விவரி" என்றால் ஒன்று, "ஒப்பிடு" என்றால் வேறொன்று. செய்முறைப் பயிற்சிக்கோ எந்தப் புத்தகமும் ஈடாகாது. ஆய்வுக்கூடத்தில் நீங்களே பார்த்து வரைந்த படம்தான் மனத்தில் நிற்கும்.

கடைசியாக, காசில்லாத ஒரு பாடநூல் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதுதான் செம்பனை. கனமான ஓடுள்ள டூராவையும் ஓடில்லாத பிசிஃபெராவையும் கலந்தால் மெல்லிய ஓடுள்ள தெனெரா வரும். தெனெராவையும் தெனெராவையும் கலந்தால் மூன்றும் 1:2:1 என்ற விகிதத்தில் வரும். மரபியல் பாடத்தில் இது மிக முக்கியமான கணக்கு! நாட்டுக்குள் 1981-இல் ஆப்பிரிக்க வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். மகரந்தச் சேர்க்கையை அன்று முதல் அது செய்கிறது. அதற்கு முன் மகரந்தத் தூளை மனிதக் கைகள்தாம் தூவின. மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நான் அந்த வேலை செஞ்சிருக்கேன்" என்று ஒரு பாட்டி சொன்னால், உங்கள் சூழலியல் பாடம் அவரிடமிருந்தே தொடங்கட்டும். எழுத்தறியாதவர் என்று அவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

அந்தத் தாயார் ஒரே ஒரு புத்தகம் வாங்கினார். பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். மகளும் தோழிகள் மூவரும் ஆளுக்கொரு வினாத்தாள் தொகுப்பு வாங்கி மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். முடிவு எப்படியோ, உழைப்பு சரியான வழியில் போகிறது. சங்கிலியும் அந்தத் தாயின் கழுத்திலேயே இருக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் வியர்வைக் காசை அளந்து செலவிடுங்கள். பிள்ளைகளே, அந்தக் காசில் வாங்கிய ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.