தேசிக்காயும் முன்னிற்குஞ் சுரப்பியும்

மாத்தளையை ஊடறுத்துத் தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியின் மருங்கிலே மிளகும் ஏலமும் மணக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் உள்ளன. அப்பகுதி இல்லங்களின் அடுக்களையிலே உப்பிட்ட தேசிக்காய்ப் பரணியும் இருக்கும். அக்காயின் புளிப்புக்குக் காரணமானது சித்திரிக்கமிலம். 1784ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே இதனை எலுமிச்சஞ் சாற்றிலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்தார்.

இவ்வமிலத்தின் உப்பாகிய சித்திரேற்று ஆடவர் உடலில் ஓரிடத்திலே குவிந்து கிடக்கிறது. சிறுநீர்ப்பையின் கீழே, பெருநெல்லிக்காயளவாய் அமைந்த முன்னிற்குஞ் சுரப்பியே அவ்விடம். அதன் சுரப்பிலுள்ள சித்திரேற்று குருதியிலுள்ளதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மிகுதி. நேயர்களே, தேசிக்காய் உண்பதனால் இது சேர்வதன்று. சுரப்பியின் கலங்கள் தாமே ஆக்குவது.

ஆக்கும் முறை விந்தையானது. உடலின் ஏனைய கலங்கள் சித்திரேற்றை உண்டாக்கிய மறுகணமே அதனை எரித்துச் சத்தியைப் பெறுகின்றன. 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டுரைத்த வட்டம் இதுவே. முன்னிற்குஞ் சுரப்பியின் கலங்களோ அவ்வட்டத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுகின்றன. தடுப்பது நாகம் என்னும் உலோகம். சித்திரேற்றை அடுத்த படிக்கு மாற்றும் நொதியத்தை நாகம் முடக்குவதனால், சித்திரேற்று எரியாது தேங்கிச் சுரப்பாய் வெளிப்படுகிறது. பெறத்தக்க சத்தியிற் பெரும் பகுதியை இக்கலங்கள் இவ்வாறு இழக்கின்றன. வருவாயைத் தான் துய்க்காது பிறர்க்கே அளிக்கும் குடியானவனைப் போன்றன இவை.

இவ்வொழுங்கை ஆள்வன ஓமோன்கள். விதைகளிற் பிறக்கும் தெஸ்தெஸ்தெரோனும், கபச்சுரப்பியிலிருந்து வரும் புரோலத்தினும் கலத்தினுள் நாகம் சேர்வதையும் சித்திரேற்று ஆக்கத்தையும் தூண்டுகின்றன. விதை நீக்கப்பட்ட விலங்குகளிற் சித்திரேற்று வீழ்ந்துவிடுகிறது; தெஸ்தெஸ்தெரோனை ஊட்டினால் மீண்டும் எழுகிறது. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கொஸ்தெல்லோ, பிராங்கிளின் என்னும் இருவர் இவ்விடயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர்.

அவர்கள் ஆய்வு ஒரு பெரும் நோயின் வாயிலைத் திறந்து காட்டியது. முன்னிற்குஞ் சுரப்பியிற் புற்றுநோய் தோன்றும்போது அக்கலங்கள் நாகத்தைச் சேர்க்கும் ஆற்றலை இழக்கின்றன. தடை அகல்கிறது, ஈகை நின்று, சித்திரேற்று எரிக்கப்படுகிறது. நோயில்லாத சுரப்பியிலும், முதுமையில் வரும் சாதாரண வீக்கத்திலும் சித்திரேற்று மிகுந்திருக்க, புற்றுநோயிலே அது குறைகிறது. காந்த ஒத்திசைவு நிறமாலை என்னும் பரிசோதனையால், கத்தியின்றியே இவ்வேறுபாட்டைப் பலகாலும் காணலாம்.

இறத்தோட்டை மலைச்சரிவிலே ஒரு முதியவர் இரவிலே நான்கு முறை எழுகிறார். சிறுநீர் தடைப்பட்டுச் சொட்டுகிறது. 'வயதுபோனால் இப்படித்தான்' என்று வீட்டார் கூறுவர். அவரும் நாணத்தினால் வைத்தியரிடம் வாய் திறவார். பெரும்பாலும் அது சாதாரண வீக்கமே. ஆயினும் அதனை உறுதிசெய்வது சோதனையேயன்றி ஊகமன்று. 'நாகக் குறைவுதானே, மாத்திரை விழுங்கினால் ஆயிற்று' என்றெண்ணுவாரும் உளர். குறைவு குருதியிலன்று, அக்கலங்களின் உள்ளே. ஆதலின் மாத்திரையால் அது நிரம்பாது. மிகையான நாகம் உடலுக்குத் தீங்கும் பயக்கும்.

1941இலே சார்ல்ஸ் ஹக்கின்ஸ் விதைகளை நீக்கித் தெஸ்தெஸ்தெரோனை ஒழித்தால் பரவிய புற்றுநோயும் தணியும் எனக் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அப்பணியைப் பெரும்பாலும் ஊசிமருந்துகளே செய்கின்றன. இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஓமோன் அற்றுப்போனால் நோயற்ற பகுதியிலும் சித்திரேற்று மறைகிறது. ஆகவே ஊசி தொடங்கிய பின் எடுக்கும் படத்திலே சித்திரேற்றில்லாமையைக் கொண்டு நோயைக் கணித்தல் அரிது. படமெடுக்கச் செல்வோர், எம்மருந்து என்று தொடங்கப்பட்டது என்பதை வைத்தியரிடம் முதலிலே கூறல் வேண்டும்.