கருவி யார் பேரில் இருக்கிறது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வயர்லெஸ் கருவிகளைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க"ன்னு செயலாளர் சொன்னார். நான் ஒரே வார்த்தையைத்தான் எடுத்துக்கொண்டேன். அந்த வார்த்தை 'கணக்கு'.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அப்படிப்பட்ட இரவில் ஏரி நிரம்பிவிட்டதா என்று பார்க்கக் கரைக்கு ஆள் அனுப்ப முடியுமா? நீர்மட்டம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று அங்கே இருந்தால் போதும். லோராவான் என்ற முறையில், பேட்டரியிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடி, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கேட்வேக்குச் செய்தி அனுப்பும். இதற்கான 865-867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று 2005-லேயே மத்திய அரசு அனுமதித்துவிட்டது.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? கணக்கில்தான். இப்படி ஒரு கருவிக்குப் பொதுவாக ரெண்டு கணக்கு வேணும். கருவியைப் பதிந்து வைத்திருக்கும் நெட்வொர்க் கணக்கு ஒன்று. அளவுகளைச் சேர்த்து வைத்து நமக்கு எச்சரிக்கை அனுப்பும் கிளவுட் கணக்கு இன்னொன்று. இரண்டையும் இணைத்தால்தான் ஏரிச் செய்தி நம் போனுக்கு வரும்.

அமெரிக்காவில் 2021-இல் தொடங்கிய அமேசான் சைடுவாக்கைப் பாருங்கள். கருவி செய்பவர் தன் சைடுவாக் கணக்கை, அதாவது 'பார்ட்னர்' கணக்கை, அமேசானின் கிளவுட் கணக்கோடு இணைக்க இரண்டு விவரம் தர வேண்டும். ஒன்று அடையாள எண், மற்றது ரகசியச் சாவி. பிறகு அந்த இணைப்பின் விவரத்தைக் கேட்டால் சாவியைக் காட்டாது; சாவியின் 'கைரேகை'யை மட்டும் காட்டும். பதிவு அலுவலகத்தில் ரேகை வைக்கிற மாதிரிதான். சாவி நம்முடையதா என்று ரேகையை வைத்துச் சரிபார்க்கலாம். ரேகையிலிருந்து சாவி செய்ய முடியாது.

நம் பக்கத்து லோராவான் கருவிக்கும் 16 இலக்க அடையாள எண்ணும், 32 இலக்கச் சாவியும் உண்டு. அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

"நீங்க கவலைப்படாதீங்க சார், என் மெயில்லயே எல்லாம் தொறந்துடறேன்" என்பார் கருவி மாட்ட வருபவர். வேலையும் சுளுவாக முடியும். நாளைக்கு அவர் தொழிலை விட்டுவிட்டால்? கருவி கரையில் நின்று கத்திக்கொண்டே இருக்கும். கேட்க நமக்குக் காது இருக்காது. காசு கொடுத்து நிலம் வாங்கி, பட்டாவைப் புரோக்கர் பேரில் விட்ட கதைதான்.

கல்லூரி புராஜெக்டிலும் இதே நிலைமை வரலாம். மாணவரின் சொந்த மெயிலில் தொடங்கிய கணக்கு, அவர் பட்டம் வாங்கிப் போனதும் அவரோடவே போயிடும். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

ஆகவே மாணவர்களே, மூன்றே விஷயம். முதலில், இரண்டு கணக்கையும் துறையின் பேரிலோ ஊராட்சியின் பேரிலோ திறங்கள்; தனி ஆள் பேரில் வேண்டாம். அடுத்து, சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பொறுப்பான இரண்டு பேருக்குத் தெரியும்படி பத்திரமாக வையுங்கள். கடைசியாக, மழைக்காலத்துக்கு முன்னாடியே, ஐப்பசி பிறக்கிறதுக்குள்ளே, ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். இணைப்பு இருக்கிறதா, கிளவுட் கட்டணம் கட்டியாச்சா, எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள்.

கருவி வாங்கித் தர பழைய மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம். அதைக் கல்லூரியின் பேரில் பதிந்து, வருஷா வருஷம் அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்க வேண்டியது நீங்கள்.