எதை எண்ணுகிறார்களோ அதற்குத்தான் காசு



கொழுந்து நிறுக்கும்போது நாம் எல்லோரும் தராசைத்தான் பார்க்கிறோம். நிறை குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்ததும், அட்டை கடித்ததும் செக்ரோலில் ஏறுவதில்லை. இன்று இன்னொரு நாட்டில், இன்னொரு தொழிலில் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பராமரிப்பு வேலை படித்து வெளிநாடு போக நினைக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் படுக்கையில் விழுந்த முதியவர்களைத் தாதியர் வைத்துப் பார்க்கும் இல்லங்கள் உண்டு. பெரும்பாலானவை தனியாருடையவை. ஆனால் காசின் பெரும்பகுதியை அரசாங்கம் கொடுக்கிறது. அதற்கு 1965இல் தொடங்கிய இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. மெடிகெயார், ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறவர்களுக்குக் கூடியது 100 நாள் வரை உதவும். அதன் கட்டணத்தை மத்திய அரசு தீர்மானிக்கிறது. மெடிகெய்ட், கையில் காசில்லாமல் நீண்டகாலம் தங்குகிறவர்களுக்கு உரியது. அதன் கட்டணத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே போடுகிறது. பொதுவாக, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்பதே கணக்கு.

அந்த 'இவ்வளவு' எப்படி வருகிறது? மெடிகெயாரில் பல வருடங்களாகக் கைகால் பயிற்சி கொடுத்த நிமிடங்களை எண்ணினார்கள். வாரத்துக்கு 720 நிமிடம் தொட்டால் ஆகக்கூடிய கட்டணம். உடனே பல இல்லங்கள் 720ஐத் தொட்டதும் நிறுத்திக்கொண்டன. 2019 ஒக்டோபரில் முறை மாறியது. நிமிடத்துக்குப் பதிலாக நோயாளியின் நிலையைப் பார்த்தார்கள். பயிற்சி நிமிடங்கள் சடாரெனக் குறைந்தன. முதியவர்களின் நோய் ஒரே நாளில் மாறவில்லை, எண்ணும் முறைதான் மாறியது.

இன்னொரு விடயம். அந்தந்தப் பகுதியின் சம்பள நிலவரத்துக்கு ஏற்ப மெடிகெயார் கட்டணம் கூடும், குறையும். ஆனால் கூடிய காசு, உடம்பு துடைத்துவிடும் பெண்ணின் கைக்குத் தானாகப் போய்ச் சேராது. அதனால்தான் நியூயோர்க்கில் பராமரிப்புத் தொழிலாளர் சங்கம் குரல் கொடுத்தது. வருமானத்தில் குறைந்தது 70 வீதம் முதியவர்களின் பராமரிப்புக்கும், அதற்குள் 40 வீதம் அவர்களை நேரில் கவனிக்கும் ஊழியருக்கும் செலவாக வேண்டும் என்று 2021இல் அங்கே சட்டம் வந்தது.

தோழர்களே, தொகையை மட்டும் கேட்டால் போதாது. எதை எண்ணுகிறார்கள், யார் எண்ணுகிறார்கள், கூட்டிய காசு யார் கைக்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக்கு எல்லோரும் சம்பளச் சீட்டோடு வாருங்கள். வரிவரியாகச் சேர்ந்து வாசிப்போம்.