படிப்புக்கு வயதும் வாசற்படியும் ஏன்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்கா தேசத்திலுள்ள சமுதாயக் கல்லூரிகளைப் பற்றியதாகும். எங்கேயோ இருக்கும் காலேஜைப் பற்றி இங்கே பேசுவதில் என்ன பிரயோஜனம் என்று சிலர் நினைக்கலாம். நாம் அந்தத் தேசத்தைப் புகழ வரவில்லை. பத்தாவதில் தவறிய பையனையும், இருபது வருஷத்துக்கு முன் படிப்பை விட்டுவிட்டுத் தறியிலோ கடையிலோ உட்கார்ந்துவிட்ட ஆளையும் பார்த்து, "அவன் தலையில் எழுதினது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நம்மிடையில் ஏராளம். அந்த எழுத்தை அழிக்க ஒரு தேசத்தார் என்ன செய்து பார்த்தார்கள், அதில் எவ்வளவு அழிந்தது, எவ்வளவு அழியவில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறோம்.

சமுதாயக் கல்லூரியென்றால் என்ன? சர்வகலாசாலையில் நான்கு வருஷம் படிக்க வேண்டிய பட்டப் படிப்பில் முதல் இரண்டு வருஷப் பாடத்தையும், அதோடு நர்ஸ் வேலை, மோட்டார் ரிப்பேர், கணக்கு எழுதுதல் போன்ற தொழில்களையும் குறைந்த சம்பளத்தில் சொல்லிக் கொடுக்கும் இடம். சர்க்கார் பணமும் ஊர் வரிப்பணமும் போட்டு நடத்துவது. உள்ளே போக முதல் மார்க்கு வாங்கியிருக்க வேண்டியதில்லை. பதினாறு வயதுப் பெண்ணும் ஐம்பது வயது லாரி டிரைவரும் ஒரே வகுப்பில் உட்காரலாம்.

இது 1901-ம் வருஷத்தில் இல்லினாய் மாகாணத்து ஜோலியட் என்கிற ஊரில் ஆரம்பமாயிற்று. அவ்வூர் ஹைஸ்கூல் தலைவர் ஸ்டான்லி பிரவுனும், சிக்காகோ சர்வகலாசாலைத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் கலந்து பேசி, ஹைஸ்கூலிலேயே மேல்படிப்பின் முதல் இரண்டு வருஷத்தை நடத்தினார்கள். ஆரம்பத்தில் ஆறே மாணவர்கள். ஹார்ப்பர் ஏழைகளுக்காக மனமுருகித்தான் இதைச் செய்தாரென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆரம்ப வகுப்புகளின் தொல்லை கீழேயே நின்றுவிட்டால், சர்வகலாசாலையில் உயர்ந்த ஆராய்ச்சியைச் சௌகரியமாய் நடத்தலாம் என்பதும் அவருடைய கணக்கு. யாருடைய கணக்கு எப்படியிருந்தாலும், வீட்டுப் பிள்ளை வீட்டிலிருந்தபடியே போய்வரும் தூரத்துக்குக் காலேஜ் படிப்பு வந்து சேர்ந்தது. நமக்குக் காரியந்தான் முக்கியம்.

பிறகு 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷனார், ஹைஸ்கூலுக்கு மேல் இரண்டு வருஷப் படிப்பைச் சம்பளமில்லாமல் எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமென்றும், இனத்தையும் மதத்தையும் பார்த்து மாணவர்களைத் தள்ளுவது கூடாதென்றும் எழுதினார்கள். அப்போது தென் மாகாணங்களில் கறுப்பு மக்களுக்குப் பள்ளிக்கூடமே தனி. அந்தத் தனிமையை எடுக்கக் கமிஷனுக்குள் இருந்த சிலரே ஒப்பவில்லை. எந்தத் தேசத்திலும் பிறவி உயர்வுக்காரன் கடைசியாய் விடுகிற பிடி பள்ளிக்கூட வாசற்படிதான் போலும்!

தோழர்களே! இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். நியூயார்க் நகரத்தில் குவீன்ஸ் என்னும் பகுதியில் லாகார்டியா சமுதாயக் கல்லூரி இருக்கிறது. 1974-ல் அந்தக் கல்லூரிக்குள்ளேயே ஒரு ஹைஸ்கூலைத் திறந்தார்கள். இதற்கு முயற்சியெடுத்தவர் ஜேனட் லீபர்மேன் என்னும் ஆசிரியை. அதில் யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? நன்றாய்ப் படிக்கிறவர்களையல்ல. படிப்பை விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தாரே முடிவு கட்டியிருந்த பிள்ளைகளை! அப்பிள்ளைகளைத் தினமும் பெரிய மாணவர்கள் நடுவில் நடமாட விட்டார்கள். காலேஜ் நூலகத்தில் உட்கார விட்டார்கள். முடிந்தவர்கள் காலேஜ் பாடத்தையே படிக்கலாம், அதுவும் கணக்கில் சேரும் என்றார்கள். பையனுக்குப் புத்தி சொல்லவில்லை, சபிக்கவில்லை, கோவிலுக்கு அனுப்பவில்லை. அவனிருந்த இடத்தை மாற்றினார்கள், அவ்வளவே. வேறு பல ஊராரும் பின்னர் இம்மாதிரிப் பள்ளிக்கூடங்களை ஏற்படுத்தினார்கள். 2011-ல் புரூக்ளினில் ஹைஸ்கூல், காலேஜ், ஐ.பி.எம். கம்பெனி மூன்றும் கூடி, ஆறு வருஷத்தில் ஹைஸ்கூல் சான்றையும் இரண்டு வருஷக் காலேஜ் பட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கும் பள்ளியொன்றைத் திறந்தார்கள்.

பெரியவர்களுக்கோ? டென்னஸி மாகாணத்தார் 2014-ல் சட்டம் செய்து, ஹைஸ்கூல் முடித்தவர்களுக்குச் சமுதாயக் கல்லூரிச் சம்பளத்தில் மற்ற உதவிகள் போக மிச்சமுள்ளதைத் தாங்களே கட்டினார்கள். 2018 முதல் பட்டமில்லாத வயது வந்தவர்களுக்கும் அதையே செய்தார்கள். வாஷிங்டன் மாகாணத்தில் ஒரே வகுப்பில் இரண்டு உபாத்தியாயர்களை வைத்தார்கள். ஒருவர் தொழிலைச் சொல்லித் தருவார், மற்றவர் அதற்கு வேண்டிய ஆங்கிலத்தையும் கணக்கையும் சொல்லித் தருவார். முதலில் எழுத்தைக் கற்றுக்கொண்டு வா, பிறகு தொழிலைப் பார்க்கலாம் என்று முப்பது வயதுக்காரனைக் காக்க வைப்பதில்லை. இது எவ்வளவு சாதாரண புத்தி! ஆனாலும் எத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அங்கே எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சமுதாயக் கல்லூரியில் சேருகிறவர்களில் நூற்றுக்குச் சுமார் 80 பேர் நான்கு வருஷப் பட்டம் வாங்க வேண்டுமென்றே சேருகிறார்கள். ஆறு வருஷத்தில் வாங்குகிறவர்கள் நூற்றுக்குச் சுமார் 16 பேர்தான். கீழே படித்த பாடத்தை மேலேயிருக்கும் சர்வகலாசாலைக்காரர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், மறுபடியும் பணம் கட்டிப் படியென்று சொல்வதும் உண்டு. 1960-லேயே பர்ட்டன் கிளார்க் என்ற ஆராய்ச்சிக்காரர் இதன் சூட்சுமத்தை எடுத்துக் காட்டினார். வாசலைத் திறந்து வைத்து, உள்ளே வந்தவனுடைய ஆசையை மெல்ல மெல்லத் தணித்து, "நமக்கு இவ்வளவுதான் வரும்" என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கும் வேலையும் அங்கே நடக்கிறது என்றார். நம் ஊரில் இதற்குக் கர்மம் என்று பெயர். அங்கே மார்க்குச் சீட்டின் பேரால் நடக்கிறது.

ஆனால், தவறினவர்களிடம் புத்தி இல்லை என்பது சுத்தப் பொய்யென்பதற்கும் அங்கேயே ருசு இருக்கிறது. 2007-ல் நியூயார்க் நகர சர்வகலாசாலையார் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மாணவர்களுக்கு ரயில், பஸ் சீட்டும், புத்தகமும், சம்பளத்தில் குறைந்த பாக்கியும், அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆலோசகரும் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் மாணவர்களை இரண்டு கூட்டமாய்ப் பிரித்துப் பரீட்சித்துப் பார்த்ததில், உதவி பெறாத கூட்டத்தில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 22 பேர் முடித்தார்கள். உதவி பெற்ற கூட்டத்தில் 40 பேர். இரண்டு கூட்டத்துக்கும் மூளை ஒன்றே. பஸ் சீட்டுத்தான் வேறு! தலையெழுத்துக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இந்த ஏற்பாடு நம் பக்கம் வராமலில்லை. 1995-ல் புதுச்சேரி சர்வகலாசாலையிலும், 1996-ல் சென்னையில் மயிலைக் கத்தோலிக்க மறைமாவட்டத்தாராலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. பாதிரிமார் ஆரம்பித்தார்களே என்று கேட்காதீர்கள். சாப்பாடு நன்றாயிருந்தால் அடுப்பு யாருடையது என்று நாம் கேட்பதில்லை.

உங்கள் பிள்ளையையோ, நீங்களே உங்களையோ இப்படிப்பட்ட இடத்தில் சேர்க்கப் போனால், அங்கிருப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இங்கே படித்த பாடத்தை எந்தக் காலேஜ், எந்த வகுப்பில், கணக்கில் எடுத்துக்கொள்ளும்? இதற்கு முன் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்கினால் அடுத்த இடத்துக்குப் போய் அதையே கேளுங்கள்.